ஆவுளியா பேரில் ஒரு மகமை

செட்டிநாட்டுப் பக்கம் பழைய வட்டிக்கடைப் பேரேடு ஒன்றைப் பிரித்தால் அதில் மனிதர்கள் பெயரில் மட்டும் பற்று வரவு இருக்காது. சாமி பெயரிலும் இருக்கும். கடையில் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் சிறு பங்கை எடுத்து வைத்து, அதை முருகன் பேரிலோ பிள்ளையார் பேரிலோ வரவு வைப்பார்கள். இதற்குப் பெயர் மகமை. லாபம் வந்தால் கொடுப்போம், மீந்தால் கொடுப்போம் என்ற பேச்சே கிடையாது. வியாபாரம் நடந்தால் மகமை உண்டு, அவ்வளவுதான்! ஐந்தொகை போடும்போது (இன்று பேலன்ஸ் ஷீட் என்று படிக்கிறோமே, அதற்கு நகரத்தார் வைத்திருந்த பெயர்) சாமியும் ஒரு கணக்குதாரர்.

அந்தப் பணம் உண்டியலில் தூங்கவும் இல்லை. தர்மக் கணக்கில் சேர்ந்த பணம் கடைகளிலேயே வைப்புத் தொகையாக இருந்து, வட்டி ஈட்டி, பிறகு கோயில் திருப்பணிக்கும் சத்திரத்துக்கும் போனது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ரட்னர் நகரத்தார் சமூகத்தைப் பற்றி 1994ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதைத்தான் விரிவாகச் சொல்கிறார். நகரத்தாருக்குக் கோயிலும் கடையும் இரண்டு தனி உலகங்கள் அல்ல. ரங்கூனில் முருகன் கோயிலில் கூடித்தான் நடப்பு வட்டி விகிதத்தையே முடிவு செய்தார்கள். இன்று அந்த வேலையை ரிசர்வ் வங்கி ஒரு கமிட்டி போட்டுச் செய்கிறது.

சரி, இந்த மகமைக்கும் கடலில் இருக்கும் ஒரு பிராணிக்கும் என்ன சம்பந்தம்?

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகக் கிழக்கே போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் தொண்டி வந்துவிடும். பாக் நீரிணையின் கரை. அலை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. குளம் மாதிரி கிடக்கும், ஆழமும் குறைவு. சூரிய வெளிச்சம் அடிமட்டம் வரை போவதால் அங்கே கடலுக்கு அடியில் புல் வளர்கிறது. பாசி இல்லை, நிஜமான புல். வேர் உண்டு, பூ உண்டு, விதை உண்டு. அந்தப் புல்லை மேயத்தான் ஒரு மாடு வருகிறது. புத்தகத்தில் கடற்பசு, கரையோரத்தில் ஆவுளியா. சில ஊர்களில் கடல் பன்றி என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் டூகாங் டூகான்.

மூன்று மீட்டர் வரை நீளம், நானூறு கிலோ வரை எடை. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல் தின்னும். கடலில் வாழும் பாலூட்டிகளில் முழுக்க முழுக்கத் தாவரம் மட்டுமே தின்று வாழ்வது இது ஒன்றுதான். எழுபது வயது வரை வாழக்கூடியது. ஆனால் குட்டி போடுவதில் மகா நிதானம். ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்றிலிருந்து ஏழு வருடம் ஆகலாம். கணக்குப் பாஷையில் சொன்னால், வட்டி மிகக் குறைவான முதல் இது. வருடத்துக்கு நாலைந்து பெண் கடற்பசுக்கள் கூடுதலாகச் செத்தாலே முதலிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறோம் என்று அர்த்தம். இந்தியக் கடல்களில் மொத்தமாக சுமார் 240 இருக்கலாம் என்பது அரசு சொல்லும் மதிப்பீடு. அதில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக் கரையில்.

முதலையே தின்று தீர்த்த கதையும் சரித்திரத்தில் இருக்கிறது. இதன் உறவுக்கார விலங்கு ஒன்று வட பசிபிக்கில், ரஷ்யாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே இருந்தது. 1741ல் கப்பல் உடைந்து ஒதுங்கிய ஒரு குழுவில் இருந்த ஸ்டெல்லர் என்ற இயற்கை ஆய்வாளர் அதைப் பார்த்து எழுதி வைத்தார். எட்டு மீட்டர் நீளமுள்ள சாதுப் பிராணி, இறைச்சியும் ருசி என்று செய்தி பரவியது. தோல் வியாபாரத்துக்குப் போன கப்பல்காரர்கள் எல்லாம் வழிச் சாப்பாட்டுக்கு அதை அடித்தார்கள். 1768ல் கடைசி விலங்கும் முடிந்தது. கண்டுபிடித்து 27 வருடத்தில் காலி!

நம் கரையில் அவ்வளவு வேகம் இல்லை, ஆனால் திசை அதேதான். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் ஆவுளியாவை இறைச்சிக்கும் எண்ணெய்க்குமாகப் பிடித்து வந்தார்கள். மருந்து என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. 1947ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்துக்கு வந்தபோது அறிவியலாளர்களுக்கு இந்த விலங்கு கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. 1959ல் பிடிபட்ட ஆணும் பெண்ணுமான ஒரு ஜோடியை அங்கே தொட்டியில் வைத்து, கடற்புல் போட்டு, பத்து வருடத்துக்கும் மேலாக வளர்த்தார்கள். உலகில் வெகு சில இடங்களில்தான் கடற்பசு அவ்வளவு காலம் மனிதர் பராமரிப்பில் உயிரோடு இருந்திருக்கிறது. மண்டபத்துக்காரர்கள் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்வதும் இல்லை.

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடற்பசு முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாக இடம் பெற்றது. 1986ல் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா. 1989ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டருக்கு உயிர்க்கோளக் காப்பகம். ஆக, தாளில் எல்லாம் சரியாக இருந்தது. தாளுக்கு வெளியே, வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாவது நிற்கவில்லை. கடற்பசுவுக்கு மீன் மாதிரி செவுள் கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். வலை பிடித்துக்கொண்டால் தண்ணீருக்குள்ளேயே முடிந்துவிடும்.

இங்கேதான் பணம் கதைக்குள் வருகிறது.

செட்டிநாட்டுக் கொடையின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நகரத்தார் தங்கள் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம் என்று சொல்வார்கள். கடல் வந்து ஊரை எடுத்துக்கொண்டதால்தான் இப்படி வறண்ட பூமியில், கடலைவிட்டுத் தள்ளி, வீட்டைத் தெருவிலிருந்து உயர்த்திக் கட்டி வாழ்கிறோம் என்று ஒரு வாய்மொழி உண்டு. பிறகு அதே கடலைத் தாண்டித்தான் பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று போய்ப் பணம் பண்ணினார்கள். 1930ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் செட்டியார் கைவசம் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் வாங்கிய விவசாயிகள் கட்ட முடியாமல் போக, 1937ல் அது 25 சதவீதம் ஆனது. பர்மியர்கள் இதை மறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், கொடையைப் பற்றி மட்டும் பேசினால் கணக்கு ஒருதலைப்பட்சமாகிவிடும். 1942ல் ஜப்பான்காரன் வந்ததும் அத்தனையையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று.

அந்தப் பணத்தில் வந்தவைதான் ஒன்பது நகரக் கோயில்களின் திருப்பணி, ஊருக்கு ஊர் ஊருணி, காசியில் 1813ல் தொடங்கிய நகரச் சத்திரம். அடுத்த தலைமுறையில் கொடை கோயிலை விட்டுக் கல்லூரிக்கு நகர்ந்தது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1920ல் ஆரம்பித்த மீனாட்சி கல்லூரி 1929ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆனது. பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகம்தான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையத்தை நடத்தியது. இந்தியாவில் கடல் உயிரியல் படித்தவர்களில் ஒரு பெரும் வரிசை அங்கிருந்து வெளியே வந்தது.

காரைக்குடிக்கு வருவோம். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் (1909 - 1957) 1947ல் கலைக்கல்லூரி தொடங்கினார். அடுத்த வருடமே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் தன் ஊருக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாய் ரொக்கமும் கொடுத்தார். 1948ல் பதினைந்து லட்சம்! நேரு வந்து 1948 ஜூலை 25ல் அடிக்கல் நாட்டினார். 1953ல் நிலையம் திறக்கப்பட்டது. சீக்ரி என்று காரைக்குடிக்காரர்கள் சொல்லும் அதே சீக்ரி பிறகு மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் ஆய்வு மையங்கள் வைத்தது, கடல் நீரில் உலோகம் அரிப்பதைப் படிப்பதற்காக. அழகப்பா கல்வி நிறுவனங்களின் மேல் எழும்பிய அழகப்பா பல்கலைக்கழகம் 1985ல் வந்தது. அதன் கடலியல் துறை எங்கே இருக்கிறது தெரியுமா? தொண்டியில். கடற்புல் வளரும் அதே கரையில்.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. அழகப்பர் கடலியலுக்காகக் கொடுக்கவில்லை, கடற்பசுவுக்காக நிச்சயம் கொடுக்கவில்லை. படிப்புக்காகக் கொடுத்தார். நாற்பது ஐம்பது வருடம் கழித்து அந்தக் கொடை தானாகவே கடற்கரை வரை நடந்து போயிருக்கிறது. முதல் கெடாமல் வைத்த தர்மம் எங்கே போய்ச் சேரும் என்று கொடுத்தவருக்கே தெரிவதில்லை.

ஆனால் கடற்பசுவுக்கென்று நேராக, பெயர் சொல்லி, யாராவது கொடுத்தார்களா? உலக அளவில் உண்டு. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் கடற்பசுவின் ஒன்றுவிட்ட தம்பியான மானட்டீக்காக 1981ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவர்கள் பாடகர் ஜிம்மி பபெட், அப்போதைய கவர்னர் பாப் கிரஹாம். அவர்கள் யோசனை எளிமையானது. குளிர்காலத்தில் ஒரு ஊற்றுக்கு வருடா வருடம் வரும் மானட்டீகளை முதுகில் இருக்கும் தழும்பை வைத்து அடையாளம் கண்டு, பெயர் வைத்து, அவற்றைத் தத்தெடுக்கச் சொல்லி ஜனங்களிடம் சிறு சிறு நன்கொடை வாங்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடத் தத்தெடுத்தார்கள். தழும்பு எப்படி வந்தது என்றால், மோட்டார் படகின் விசிறி வெட்டியது. காயம்தான் அங்கே முகவரி.

இன்னொரு உதாரணம் அபுதாபி. அங்குள்ள முகமது பின் சயீத் உயிரினப் பாதுகாப்பு நிதி, உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தோடு சேர்ந்து எட்டு நாடுகளில் கடற்பசு மற்றும் கடற்புல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை நடத்தியது. எட்டில் இலங்கையும் ஒன்று. இந்தியா இல்லை. பாக் நீரிணையின் நடுவே 1974ல் இரண்டு அரசுகள் கோடு போட்டுக்கொண்டன, காலையில் இந்தப் பக்கம் மேய்ந்த ஆவுளியா சாயங்காலம் அந்தப் பக்கம் மேயலாம். ஒரே மாட்டுக்கு ஒரு கரையில் அபுதாபிப் பணம், மறுகரையில் வேறு கணக்கு.

அந்த வேறு கணக்கு என்ன? மன்னார் வளைகுடாவில் 2000ம் ஆண்டில் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள், மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை என்று. உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் பணம் தந்தன, மாநில அரசு நடத்தியது. இதில் செட்டிநாட்டுக்காரர்களுக்குப் பழக்கமான ஒரு சங்கதி உண்டு. கடலோர கிராமங்களில் குழுக்கள் அமைத்து, அவற்றிடம் சுழல்நிதி கொடுத்து, ஊர்ப் பெண்களுக்குச் சிறு கடனாக விட்டார்கள். கடல் அட்டையும் பவளமும் எடுத்தவர்கள் வேறு தொழிலுக்கு மாற அந்தக் கடன். தர்மப் பணத்தை வட்டிக்கு விட்டுத் தர்மம் செய்வது! ரங்கூன் கோயிலில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதானே.

2016ல் மத்திய அரசின் காம்பா நிதியிலிருந்து, இந்திய வனவிலங்கு நிறுவனம் வழியாக, தமிழ்நாடு, குஜராத், அந்தமான் மூன்று இடங்களிலும் கடற்பசு மீட்புத் திட்டம் தொடங்கியது. காம்பா என்பது காட்டை அழித்துத் தொழில் செய்பவர்கள் கட்டும் ஈட்டுத்தொகை. எங்கோ ஒரு சுரங்கத்துக்காக வெட்டிய மரத்தின் விலை பாக் நீரிணையில் கடற்பசுவுக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இதைக் கொடை என்று சொல்ல மனசு வரவில்லை, அபராதம் என்பதுதான் பொருத்தம். ஆனாலும் அந்தத் திட்டத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடற்பசு பேரில் கல்வி உதவித்தொகை கொடுத்தார்கள். அழகப்பர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

தஞ்சாவூர் கரையில் ஓம்கார் என்ற தொண்டு நிறுவனம் இந்த வேலையைச் சிறிய அளவில் பல வருடங்களாகச் செய்து வருகிறது. மூங்கில் சட்டத்தில் தென்னைக் கயிறு கட்டி, அதில் கடற்புல் நாற்றைக் கோத்து, அழிந்த இடங்களில் இறக்கி வைக்கிறார்கள். புல் வேர் பிடிப்பதற்குள் மூங்கிலும் கயிறும் மக்கிப் போகும். நாற்று நடுவது தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புதிதா என்ன? வயல்தான் கடலுக்குள் போயிருக்கிறது. இந்த மாதிரி வேலைக்குக் கோடிகள் வேண்டாம், ஆனால் நிற்காமல் வருடா வருடம் கொஞ்சம் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரே தடவை வரும் பெரிய செக்கை விட மாதாமாதம் வரும் மகமைதான் இங்கே பயன்படும்.

2022 செப்டம்பர் 21ல் தமிழ்நாடு அரசு இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகத்தை அறிவித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளில் அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை, 448 சதுர கிலோமீட்டர் கடல். அதில் 12,250 ஹெக்டேர் கடற்புல். தொண்டி இந்த எல்லைக்குக் கொஞ்சம் தெற்கே விழுகிறது. 2025 அக்டோபரில் அபுதாபியில் நடந்த உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாட்டில் இந்தக் காப்பகத்துக்கு அங்கீகாரமும் கிடைத்தது.

இது சரணாலயமும் இல்லை, தேசியப் பூங்காவும் இல்லை. சட்டத்தில் 2002ல் சேர்த்த 36 ஏ என்ற பிரிவின் கீழ் வரும் பாதுகாப்பகம். மக்களைக் கலந்து பேசித்தான் அறிவிக்க வேண்டும், மீன்பிடியை ஒரேயடியாக நிறுத்துவதும் இல்லை. நிர்வாகக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு. 2002ல் எழுதியவர்கள் காட்டை மட்டும்தான் மனதில் வைத்திருந்தார்கள் போல, குழுவில் வேளாண்மைத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் இடம் கொடுத்தவர்கள் மீன்வளத் துறையை எழுத மறந்துவிட்டார்கள். கடற்பசுவும் ஒரு கால்நடைதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் (!).

அடுத்து மனோராவில் பன்னாட்டுக் கடற்பசு பாதுகாப்பு மையம் கட்ட 40.94 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மனோரா என்பது மல்லிப்பட்டினம் அருகே நெப்போலியனை ஆங்கிலேயர் ஜெயித்ததற்காக சரபோஜி மன்னர் கட்டிய எட்டு மாடிக் கோபுரம். யாரோ எங்கோ ஜெயித்ததற்கு இங்கே கோபுரம் கட்டிய அந்தக் காலத்துச் செலவை நினைத்தால், இங்கேயே மேயும் பிராணிக்கு அதன் பக்கத்தில் கட்டடம் வருவது நியாயமான முன்னேற்றம்தான்.

கட்டடத்துக்குக் காசு வந்துவிட்டது. வலைக்கு?

இரவு நேரம். ஒரு நாட்டுப்படகு. வலையை இழுக்கும்போது கனமாக வருகிறது. விளக்கடித்துப் பார்த்தால் ஆவுளியா. உயிரோடு இருக்கிறது. இழுத்துப் பொறுமையாகப் பிரித்தெடுக்க நேரம் இல்லை, அதற்குள் மூச்சு நின்றுவிடும். உடனே விடுவிக்க வேண்டுமென்றால் வலையை அறுக்க வேண்டும். வலை அந்த மனிதனின் முதல். பல ஆயிரம் ரூபாய். அதுவும் பெரும்பாலும் கடனில் வாங்கியது, பிடிக்கிற மீனை வியாபாரிக்கே போடுகிறேன் என்று சொல்லி வாங்கிய முன்பணத்தில் வாங்கியது. அறுத்தால் நாளைக்குக் கடலுக்குப் போக முடியாது. அறுக்காவிட்டால் செத்துப் போகும். செத்ததைக் கரைக்குக் கொண்டுவந்து உண்மையைச் சொன்னால், முதல் அட்டவணை விலங்கு, வழக்கு வருமோ, சிறைக்குப் போக வேண்டுமோ என்று பயம். அதனால் சொல்லாமல் புதைத்தவர்களும் உண்டு, அறுத்துப் பங்கு போட்டவர்களும் உண்டு.

இதையெல்லாம் மீறி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் கரைகளில் வலையை அறுத்து ஆவுளியாவைக் கடலில் விட்ட மீனவர்கள் இருக்கிறார்கள். வனத்துறை அவர்களை மேடையேற்றிச் சால்வை போட்டு வெகுமதியும் கொடுத்திருக்கிறது. கொடையாளர் பட்டியல் என்று ஒன்று எழுதினால் அதன் முதல் வரியில் வர வேண்டியது எந்த நிறுவனமும் இல்லை, இவர்கள்தான். மற்றவர்கள் லாபத்திலிருந்து கொடுத்தார்கள், இவர்கள் முதலிலிருந்து கொடுத்தார்கள். மகமைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். மகமை கொடுத்த செட்டியார் மறுநாள் கடையைத் திறக்கலாம்.

குஜராத்தில் இதற்கு வழி கண்டார்கள். அங்கே பிரச்சினை திமிங்கலச் சுறா. அது பாலூட்டி இல்லை, மீன்தான். ஆனால் கதை ஒன்றே. சௌராஷ்டிரக் கரையில் அதை ஏராளமாகக் கொன்றார்கள். 2001ல் அதைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், சட்டம் மட்டும் போதவில்லை. 2004ல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் டாடா கெமிக்கல்ஸ் நிறுவனமும் குஜராத் வனத்துறையும் சேர்ந்தன. கதாகாலட்சேபம் செய்யும் முராரி பாபு கூட வந்தார். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த மகளைக் கொல்வீர்களா என்ற ஒரே கேள்வியை ஊர் ஊராகக் கேட்டார்கள். கேள்வியோடு நிறுத்தவில்லை. வலையை அறுத்து விட்டால் 25,000 ரூபாய் வரை நிவாரணம் என்று அரசு ஏற்பாடு செய்தது. பிற்பாடு அதிகாரி வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று மீனவர்கள் கையிலேயே கேமரா கொடுத்தார்கள், அறுப்பதைப் படமெடுத்துக் காட்டினால் போதும். வேட்டைக்காரர்கள் விடுவிப்பவர்கள் ஆனார்கள். நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் அப்படித் தப்பின.

கொடுக்கல் வாங்கல் தெரிந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் புரியும். அறுத்த வலைக்குப் பணம் எவ்வளவு என்பதை விட எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதுதான் அந்த இரவில் மீனவன் மனதில் ஓடும். ஆறு மாதம் கழித்து வரும் முழுத் தொகையை விட ஒரு வாரத்தில் வரும் முக்கால் தொகை ஆவுளியாவைக் காப்பாற்றும். அரசுப் பணத்துக்கு ஆடிட், அனுமதி, நிதியாண்டு என்று ஆயிரம் படி. இப்படி உடனே எடுத்துக் கொடுக்கத்தான் தர்மப் பணம் என்று ஒன்று வேண்டும்.

அதற்குப் பணம் இல்லாமலும் இல்லை. 2013ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 135வது பிரிவின்படி ஓரளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் கடந்த மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். ஏழாவது அட்டவணையில் சுற்றுச்சூழலும் விலங்கு நலமும் இருக்கின்றன. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணும்போது இதை ஏதோ வெளிநாட்டு யோசனை என்றுதான் தோன்றும். மகமையைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றாது. ஒரே ஒரு வித்தியாசம். இங்கே நிகர லாபம் வந்தால்தான் 2 சதவீதம், அங்கே வியாபாரம் நடந்தாலே மகமை. எது கறாரான சட்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

தமிழில் அறங்கள் முப்பத்திரண்டு என்று ஒரு பழைய பட்டியல் உண்டு. அதில் தண்ணீர்ப் பந்தல் உண்டு, மடம், குளம், சோலை உண்டு. பசுவுக்கு வாயுறை உண்டு, மாடு முதுகு சொறிந்துகொள்ளக் கல் நட்டு வைக்கும் ஆவுறிஞ்சு தறி உண்டு. செட்டிநாட்டுக்காரர்கள் இந்தப் பட்டியலில் பெரும்பாலானவற்றைச் செய்து முடித்தவர்கள். ஊருணி தோண்டினார்கள், சத்திரம் கட்டினார்கள், பசுமடம் வைத்தார்கள். அந்தப் பசு கரையில் நின்ற பசு மட்டும்தான். கடலைத் தாண்டித் தாண்டிப் போனவர்களுக்குக் கப்பலுக்கு அடியில் ஒரு மாடு மேய்வது கணக்கில் ஏறவில்லை, அந்தக் காலத்தில் யாருக்கும் ஏறவில்லை.

அதே பட்டியலில் இன்னொரு அறம் இருக்கிறது. விலை கொடுத்து உயிர் காத்தல். கொல்லப் போகிற உயிரை அதற்கான விலையைக் கொடுத்து வாங்கி விட்டுவிடுவது. குஜராத்தில் 2004க்குப் பிறகு செய்தது இதுதான். அம்மாபட்டினம் பக்கத்தில் ஒரு மீனவன் கத்தியை எடுக்கும்போது செய்வதும் இதுதான், விலையை மட்டும் அவனே கொடுக்கிறான்.